சாம்பவிக்குப் பாடநூல் தேடிய மாதங்கள்

12 ஜனவரி 1997, ஞாயிறு. வெள்ளவத்தை, கொழும்பு.

ஜெகதீஸ்வரிக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் முன்வரைவு. கோபம் வசனங்களுக்குள் புகுந்துவிடக்கூடாது என்பதற்காக எண்ணிட்டு எழுதுகிறேன்.

1. 9 ஆகஸ்ட் 1996. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவைக் கடந்த பின் நீ ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

2. 22 செப்டெம்பர். ரொறன்ரோவிலிருந்து முதற் கடிதம். மூன்று பக்கம். "நான் சுகம், உங்கள் சுகத்தையும் அறிய ஆவல்" என்ற ஒரு வரி, முன்பின் அறியாதவனுக்கும் எழுதப்படுகிற அந்த வரி, அதில் இல்லை. அதன்பின் வந்த ஐந்து கடிதங்களிலும் இல்லை.

3. 17 நவம்பர். நம் மகளின் படிப்பைப் பற்றி என்னைக் கேளாமல் உன் தம்பி சவுந்தரநாயகத்துடன் கலந்து முடிவெடுத்தாய்.

4. 18 டிசம்பர். பொதி. வீட்டில் வைத்து ஆங்கிலம் படிப்பிப்பதற்கான தொகுதி ஒன்று, முப்பத்தாறு வாரத்துக்குரியது. கூடவே ஒரு கம்பளிச் சுவெற்றர். வெள்ளவத்தையில் சுவெற்றர்.

5. 5 ஜனவரி. தொலைபேசியில்: "பிள்ளை என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கிறாளில்லை. நீங்கள் அவளுக்கு என்னை மறக்கப் பழக்கிறியள்." இதை நான் மன்னிக்கப்போவதில்லை.

6. இன்று, தொலைபேசியில்: "சித்திரை வருசத்துக்குள்ளை அவள் எனக்குப் போனிலை ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டவேணும். இல்லாட்டி அவளைத் தம்பி வீட்டை கொண்டுபோய் விடுங்கோ. அவன் பாத்துக்கொள்ளுவான்."

சவுந்தரநாயகத்தின் வீடு கிருலப்பனையில். இங்கிருந்து இரண்டு மைல் வராது. ஆயினும் சாம்பவியும் போய்விட்டால் இந்த இரண்டு அறைகளில் நான் யாருக்காக அடுப்பு மூட்டுவது?

14 ஜனவரி

பொங்கல். எங்களுக்கு இந்த இரண்டு அறைகளையும் வாடகைக்குத் தந்திருக்கும் கனகேஸ்வரி அக்கா ஒரு கிண்ணம் கொண்டுவந்து தந்தார். முந்திரிகைப் பருப்பை எல்லாம் சாம்பவி பொறுக்கி எடுத்துத் தனியே வைத்தாள். அம்மாவுக்காம். குசினிக்குள், என் காதோடு காதாகச் சொன்னாள்.

17 ஜனவரி

ஆறு வயதும் ஏழு மாதமும் ஆன பிள்ளை ஏன் பாடசாலைக்குப் போகவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டபோது மேசை இலாச்சியில் இருந்தது. பிரதி கேட்டு நான்கு கடிதங்கள் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றும், "தங்கள் எழுத்துமூலமான பதிலை இன்ன திகதிக்கு முன் எதிர்பார்க்கிறேன்" என்று முடிந்தது. திகதிகள் வந்து போயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் வயிறு வளர்ப்பது பிறருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களை மொழிபெயர்த்து. காலி வீதியிலுள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்காக, நாளுக்குப் பத்துக் குழந்தைகளை ஆங்கிலத்தில் பிறப்பிக்கிறேன்.

ஆகவே வீடே பாடசாலை. முன்னறையில் யன்னலோரமாக ஒரு மேசை, அங்குதான் வெளிச்சம். ஒழுங்கை, அதன் முனையில் மணல் மூட்டைகள் அடுக்கிய காவலரண், அப்பால் தண்டவாளம், அதற்கும் அப்பால் கடல். காலையில் பாடம். அது முடிந்ததும் நான் என் கடிதங்களை எழுத, அவள் உறைகளை ஒட்டுவாள். அந்த வேலையை அவள் மிகுந்த கடமையுணர்ச்சியுடன் செய்கிறாள்.

தெரிவுக்கு உரியவை மூன்று. கனடாத் தொகுதி. புறக்கோட்டையில் வாங்கிய இந்தியத் தமிழ் வாசிப்பு நூல்கள். அரசாங்கத்தின் இரண்டாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகம், பழையது. ஒவ்வொன்றையும் முறையாகப் பரீட்சித்து, பதிவுசெய்து, முடிவெடுப்பேன். சவுந்தரநாயகம் அல்ல. நான்.

20 ஜனவரி

கனடாத் தொகுதி. பெற்றோர் என்ன சொல்லவேண்டும் என்பதைக்கூடச் சொல்லுக்குச் சொல் அச்சிட்டிருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனச் சிறப்புப் பட்டம் பெற்றவனுக்கு! முதற் பாடம்: "உங்கள் யன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள்."

கேட்டேன். சாம்பவி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். நாற்பது நிமிடம். ஒரு சொல் இல்லை.

அடுத்த பக்கத்தில் பனியில் விளையாடும் பிள்ளைகள். அதை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

26 ஜனவரி, ஞாயிறு

தொலைபேசி அக்காவின் முன்விறாந்தையில், தெருக்கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரிசீவரைச் சாம்பவியின் காதில் வைத்தேன். ஜெகதீஸ்வரியின் குரல் எனக்கும் கேட்டது. "குஞ்சு... அம்மா கதைக்கிறன். என்ன சாப்பிட்டனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லம்மா." பிள்ளை இரு கைகளாலும் ரிசீவரைப் பிடித்தபடி கண் இமைக்காமல் நின்றாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு என்னிடம், "எழுத்தாவது தெரியுமோ அவளுக்கு? நான் வெளிக்கிடேக்கை எல்லாம் வாசிச்சவள்."

உண்மை. எழுத்துகளைப் பழக்கியவள் ஜெகதீஸ்வரிதான். நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு ஒன்றுமில்லை என்பதுதான் என் சினத்தின் பெரும்பகுதி.

3 பெப்ரவரி

இந்திய நூல்கள். தாள் நல்லது, படம் நல்லது. நாங்கள் திறப்பு என்பதை அவர்கள் சாவி என்கிறார்கள். மேசையில் வழக்கம்போல மௌனம். மத்தியானம் குசினியில் நான் பருப்புக் கடைந்துகொண்டிருக்கையில் சட்டையைப் பிடித்து இழுத்து, மூச்சுக் காற்றால் மட்டும் கேட்டாள்: "அப்பா, அந்த வீட்டுப் பிள்ளையின்ரை அம்மா ஏன் எல்லாப் பக்கத்திலையும் நிக்கிறா?"

நூல்களைக் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன்.

10 பெப்ரவரி

ஜெகதீஸ்வரியின் கடிதங்களை வைத்திருக்கும் கோப்பை எடுத்தேன். மூன்று கடிதங்களின் ஓரத்தில் ஈரக்கறை. நீல மை படர்ந்து கிடக்கிறது. கூரை ஒழுகுகிறது! வீட்டுக்காரருக்கு அறிவித்தல் எழுதி, பதினைந்தாம் திகதிக்கு முன் எழுத்துமூலம் பதில் கோரிக் கையிலேயே கொடுத்தேன்.

(அந்தக் கடிதங்களை ஏன் எடுத்தேன்? திகதி சரிபார்க்க. அப்படித்தான் வைத்துக்கொள்வோம்.)

12 பெப்ரவரி

பதில் வாய்மூலம் வந்தது. கனகேஸ்வரி அக்கா கடிதத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டே வந்தார்.

"ஏன் தம்பி, ஒரு சுவருக்கு அங்காலை இருக்கிற எனக்கு முத்திரை ஒண்டுதான் ஒட்டேல்லை. கூரையிலை ஓட்டை எண்டால் உம்மடை பைலுக்கு மேலை மட்டும் பாத்து ஒழுகுமோ?"

"பின்னை ஈரம் எப்பிடி வந்தது அக்கா?"

"அது எனக்குத் தெரியாது. நானும் ஒரு முறைப்பாடு சொல்லவேணும். பின்வளவுப் பைப் ஒவ்வொரு நாளும் பின்னேரம் மணிக்கணக்கிலை ஓடுது. நான் படுத்து எழும்பிப் பாத்தால் வாளி நிரம்பி வழியுது. உம்மடை ஆள்தான்."

சாம்பவியைக் கண்டித்தேன். தலையாட்டினாள்.

16 பெப்ரவரி

தொலைபேசி. மௌனம். இந்த முறை ஜெகதீஸ்வரி அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

24 பெப்ரவரி

அரசாங்கப் புத்தகம். வாசிக்கச் சொன்னால் வாய் திறப்பதில்லை. சொல்வதெழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுகிறாள். அழகான, வலப்பக்கம் சற்றுச் சாய்ந்த எழுத்து. யாருடைய சாய்வு என்று எனக்குத் தெரியும்.

ஆகக் குறை எழுத்தில் இல்லை. நூல்களில்? மூன்று நூல்கள், மூன்று நாடுகள், ஒரே முடிவு. ஆய்வுகூடத்தில் மாணவன் ஒருவன் இப்படி ஒரு பெறுபேற்றைக் கொண்டுவந்தால், மருந்துகளை விட்டுவிட்டுச் சோதனைக் குழாயைக் கழுவினாயா என்று பாரடா என்பார்கள். எதைக் கழுவுவது? எனக்குப் புரியவில்லை.

9 மார்ச், ஞாயிறு

சவுந்தரநாயகம் பிஸ்கட் பெட்டியுடன் வந்தான். வங்கியில் பதவி உயர்ந்தபின் வீட்டுக்குள்ளும் காற்சட்டைப் பையில் கைவிட்டபடியே நடக்கிறான். யன்னல் மேசையில் சாம்பவியை இருத்தி ஆங்கிலப் புத்தகத்தை விரித்தான்.

"இதென்ன எண்டு மாமாவுக்குச் சொல்லும் பாப்பம்... என்ன? மாமாவுக்குக் கேக்கேல்லை."

"கேக்கிறதுக்கு அவள் ஏதும் சொன்னால்தானே," என்றார் வாசலில் நின்ற கனகேஸ்வரி அக்கா.

அவன் என்னிடம் திரும்பினான். "அத்தான், காதுக்கு டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

"காதிலை ஒரு குறையும் இல்லை. உம்மடை ஸ்கூட்டர் ஒழுங்கைக்குள்ளை திரும்பேக்கையே கட்டிலுக்குக் கீழை போயிட்டாள்."

அக்கா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. வாசற்படியில் நின்று தணிந்த குரலில் சொன்னான்: "பகிடி விடுங்கோ அத்தான். நீங்கள் கெட்டிக்காரர், நான் இல்லையெண்ணேல்லை. ஆனால் என்ரை அக்கா கனடாவிலை ஒவ்வொரு நாளும் அழுகிறா. வேலைக்குப் போற பஸ்ஸுக்குள்ளையும் அழுகிறாவாம். வாற மாதம் பதின்மூண்டாந் திகதி வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன். அறை ஆயத்தம்."

ஒவ்வொரு நாளும். எந்தக் கடிதத்திலும் இது இல்லை.

கனடாவுக்குப் போக ஒருவருக்கு மட்டுமே வழி இருந்தது. நீ இளையவள், உன்னால் அங்கு ஒரு வேலை பிடிக்கமுடியும், நீ போ என்று சொன்னவன் நான். மூன்று இரவு மறுத்தவள் அவள். இதை ஏன் நான் எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை?

18 மார்ச், செவ்வாய்

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு, வழக்கம்போலச் சாம்பவியை அக்காவின் பொறுப்பில் விட்டு, முடித்த வேலையைக் கொடுக்கக் காலி வீதிக்குப் புறப்பட்டேன். வீதியை மறித்துச் சோதனை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். கால் மணித்தியாலத்தில் வீடு. அக்கா உறக்கம். பின்வளவில் தண்ணீர் பீறிட்டு ஓடும் சத்தம். கண்டிக்கும் நோக்கத்துடனேயே போனேன்.

சாம்பவி குழாயடியில் குந்தியிருந்தாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முழங்காலில் ஜெகதீஸ்வரியின் கடிதம். வாசித்துக்கொண்டிருந்தாள். உரத்து. தடையின்றி. தண்ணீரின் இரைச்சலை வெல்லுகிற தெளிந்த குரலில்.

"சாம்பவிக்கு வெள்ளிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்கவேண்டாம். இங்கே நேற்று முழுவதும் பனி. யன்னலைத் திறக்க முடியவில்லை. அவள் இருந்திருந்தால் திறக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்திருப்பாள்."

ஒவ்வொரு வசன முடிவிலும் குரலைச் சற்று உயர்த்தி நிறுத்தினாள். அது ஜெகதீஸ்வரி வாசிக்கும் முறை. ஏழு மாதமாக நான் கேளாத முறை. அந்தக் கடிதம் முடியும்வரை நான் சுவர் மறைவில் நின்றேன். பிறகு, அவள் காணாமல், முன்வாசலுக்குப் போய் மறுபடி வந்தேன், செருப்பைத் தேய்த்துச் சத்தமெழுப்பி. குழாய் மூடப்பட்டது.

19 மார்ச்

இன்று பாடத்தைக் குழாயடியில் வைத்தேன். எனக்கு ஒரு பலகை, அவளுக்கு ஒரு பலகை. ஏன் இங்கு மட்டும் வாசிக்கிறாய் என்று கேட்டேன். அவள் முதலில் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நன்றாக விழத்தொடங்கிய பிறகே பதில் சொன்னாள்.

"மற்ற இடமெல்லாம் ரோட்டுக்குக் கேக்கும்."

"கேட்டால் என்ன?"

"நீங்கள்தானே சொன்னீங்கள். பஸ்ஸிலை. ரோட்டுக்குக் கேக்க வாய் திறக்கக்கூடாது எண்டு."

"அது அண்டைக்கு, குஞ்சு."

"அண்டைக்கு மட்டும் எண்டு நீங்கள் சொல்லேல்லை."

சொல்லவில்லை.

1996 பெப்ரவரி. கொழும்புக்கு வந்த முதல் நாள். கோட்டையில் குண்டு வெடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. 155ஆம் இலக்க பஸ்ஸில் சனம் ஒருவரையொருவர் பார்க்கவே பயந்துகொண்டிருந்தது. என் மடியில் இருந்த ஐந்து வயதுப் பிள்ளை கட்டடங்களின் இடைவெளியில் எதையோ கண்டு, "அப்பா, கடல்! அப்பா, கடல்!" என்று கூவினாள். தமிழ் கேட்டுத் தலைகள் திரும்பின. என் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினேன். வெள்ளவத்தை வரைக்கும் எடுக்கவில்லை. இறங்கியதும் குனிந்து அந்தக் கட்டளையைச் சொன்னேன்.

அப்படிச் செய்த தகப்பன் இந்த நகரத்தில் நான் ஒருவன் மட்டுமல்ல. பஸ்ஸில் ஏறுமுன் பிள்ளைகளுக்கு வாய் கட்டாத வீடு எங்களில் எது? பிழை அதுவல்ல. சட்டத்தை இயற்றியவன் அதன் எல்லையை எழுதவில்லை. தெருவைப் பார்த்த யன்னல், தெருக்கதவருகே தொலைபேசி, எல்லாவற்றுக்கும் அவள் தானே எல்லை வகுத்துக்கொண்டு, பதின்மூன்று மாதம், ஒரு நாள்கூட மீறாமல்...

நான் அவளை அந்த யன்னலடியில் இருத்தி, மூன்று நாட்டுப் புத்தகங்களையும் குற்றக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

22 மார்ச், சனி

மொழிபெயர்ப்பு ஒன்றைக் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்கு 155இல் போனோம். சாம்பவி யன்னலோரம். என் முழங்கையை இடித்தாள். காதருகில், "அப்பா, இஞ்சை திறக்கலாமோ?"

"எதை? யன்னலையோ?"

"வாயை."

சுற்றிப் பார்த்தேன். இரண்டு ஆசனம் முன்னே ஒரு இராணுவ வீரன், மடியில் விளையாட்டு லொறி ஒன்று, விடுமுறையில் வீடு போகிறான் போலும். பக்கத்தில் மரக்கறிப் பையுடன் ஒரு சிங்களப் பெண்மணி. "மெல்லமாக" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, ஓம் என்றேன்.

அவள் ஒரு கடைப் பலகையைப் பார்த்து, பஸ் முழுவதற்கும் கேட்க, அசை அசையாக வாசித்தாள்: "கொட்-டாஞ்-சே-னை!" வீரன் திரும்பிப் பார்த்தான். என் கை தானாக உயர்ந்தது. அதை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். பெண்மணி குனிந்து, "துவட்ட வயச கீயத?" என்று வயதைக் கேட்டார். "ஹயய்," என்றாள் என் மகள், ஆறு என்று. எங்கே படித்தாளோ! வீரன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

அவ்வளவுதான் நடந்தது. சட்டை முழுக்க வியர்வை.

23 மார்ச், ஞாயிறு

அக்காவிடம் விடயத்தைச் சொல்லியிருந்தேன். தொலைபேசி மணி அடித்ததும் அவரே போய்த் தெருக்கதவைச் சாத்தினார். "காணாது, பொறும்," என்று வானொலியையும் உச்சத்தில் திருகிவிட்டார். சிங்களப் பைலாப் பாட்டு வீடு அதிர ஒலித்தது. "இனி ரோட்டுக்கு என்ரை கூத்துத்தான் கேக்கும். நீ கதையடி மோனை."

சாம்பவி ரிசீவரை எடுத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பிறகு:

"அம்மா."

இப்போது குரல் இல்லாமற் போனது மறுமுனைக்கு. ரிசீவருக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. சாம்பவி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "அம்மா வாய் திறக்கிறாவில்லை, அப்பா."

"பொறு. திறப்பா," என்றேன்.

இணைப்பு அறுந்துவிட்டது.

24 மார்ச்

முன்வரைவை எடுத்துப் பார்த்தேன். 3, 4, 5, 6 ஆகியவற்றை வெட்டினேன். 1, 2 நிற்கின்றன. அவற்றை என்னால் வெட்ட முடியவில்லை.

27 மார்ச், வியாழன்

காலையில் என் மேசையில், நான் வழக்கமாக முக்கியக் கடிதங்களை வைக்கும் இடத்தில், ஒரு கோடிட்ட தாள். அவளுடைய எழுத்து. என் கோப்பையும் முன்வரைவையும் அவள் வாசித்திருக்கிறாள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. இங்கே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைப் பதிவுத் தபாலில் ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டேன். உறையை அவள் ஒட்டினாள். என் முன்வரைவு மீளப்பெறப்பட்டது. எனக்குரிய பதிலை இன்றைக்கே எழுதத் தொடங்கவேண்டும்.

"அம்மாவுக்கும் அப்பாவுக்கும்.

1. 9 ஆகஸ்ட். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை என்று அப்பா எழுதியிருக்கிறார். அம்மா பார்த்தவ. இரண்டு தரம். அப்பா அப்போது குனிந்து கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்தார். நான் கண்டேன். ஆனபடியால் இதை வெட்டவேண்டும்.

2. அம்மா அனுப்பின சுவெற்றர் கை எட்டவில்லை. நான் வளர்ந்தது அம்மாவுக்குத் தெரியாது. அப்பா அறிவிக்கவில்லை.

3. என்னைக் கிருலப்பனைக்கு விடுவதாக முடிவு எடுத்திருக்கிறது. என்னைக் கேட்கவில்லை. நான் போகவில்லை. இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். போனிலும் வாசிப்பேன். கனகேஸ்வரிப் பெரியம்மா றேடியோ போடுவா.

4. அம்மா அப்பாவைச் சுகமோ என்று கேட்கவில்லை. அப்பாவும் அம்மாவைக் கேட்கவில்லை. நான் எல்லாக் கடிதமும் பார்த்தேன். அப்பா எழுதி அனுப்பாத கடிதமும் பார்த்தேன்.

5. பனிப் புத்தகம் எனக்கு விருப்பம். அதை அம்மாவோடு இருந்துதான் படிப்பேன். மற்றதெல்லாம் அப்பாவோடு குழாயடியில்.

இரண்டு பேரும் எழுத்துமூலம் பதில் தரவேண்டும். ஏப்ரல் 13ஆம் திகதிக்கு முன். போனில் சொன்னால் ஏற்கப்படமாட்டாது.

வ. சாம்பவி"